இரண்டாம் தண்ணீர்

எவ்லினுக்கு ஜெபம் வராது. பிறந்த எட்டாம் நாளில் ஞானஸ்நானம் வாங்கி, ஐம்பத்து நான்கு வருஷமாக ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்வருகிற ஒருத்தி இதை வெளியே சொல்ல முடியுமா? அவளும் சொல்லவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்து இரண்டு மணி உருட்டுவதற்குள் மனசு அடுப்பில் கிடக்கும் பருப்புக்கு ஓடிவிடும். மூன்றாவது மணியில், பள்ளிக்கூட ஆபீசில் அவளோடு முப்பது வருஷம் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓயாமல் வம்பு வளர்த்த பெண்மணி வந்து எதிரே உட்கார்ந்துகொள்வாள். பத்தாவது மணியில் எவ்லின் கொட்டாவி விடுவாள். புருஷன் பேட்ரிக் முழங்கையால் இடிப்பான்.

"ஜெபம் பண்றியா, தூங்குறியா? ரெண்டுல ஒண்ணு ஒழுங்கா செய்லா."

ஆனால் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில், அவளுக்கு ஜெபம் வந்துவிடும். பீடத் துணிகளைத் துவைக்கிற வேலை அவளுடையது. திருக்கிண்ணத்தைத் துடைக்கும் சின்னத் துணிகள், அப்பமும் திராட்சை இரசமும் வைக்க விரிக்கும் சதுரத் துணி, ஃபாதர் கை துடைக்கும் துண்டு, பெரிய நாள் வந்தால் பீடத்தையே மூடுகிற நீளத் துணி. பன்னிரண்டு வருஷமாக அவள்தான். பாடச் சொன்னால் சுருதி சேராது. வாசகம் வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கமிட்டியில் உட்காரச் சொன்னால் ஆளை விடுங்கள் என்பாள். துணியைக் கையில் எடுத்துக் கசக்கும்போது மட்டும் மனசு கட்டிப்போட்ட மாடு மாதிரி ஓரிடத்தில் நிற்கும். ஒரு துணி பேட்ரிக்கின் சர்க்கரைக்கு, ஒரு துணி ஜொகூரில் இருக்கும் மகளுக்கு, ஒரு துணி அந்த வம்புக்காரப் பெண்மணிக்கும்கூட. கடவுளிடம் அவள் பேசுவது அங்கே மட்டும்தான். அது போனால் அவளுக்கு வேறு வழி கிடையாது.

அந்தத் துவைப்புக்கு ஒரு முறை உண்டு. துணியில் ஆண்டவரின் இரத்தமாக அர்ச்சிக்கப்பட்ட இரசம் ஒரு சொட்டு பட்டிருக்கலாம், அப்பத்தின் துகள் ஒன்று ஒட்டியிருக்கலாம். அதனால் முதலில் வெறும் தண்ணீரில் ஊற வைத்து அலச வேண்டும். அந்த முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. மண்ணில்தான் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு சோப்புப் போட்டுத் துவைக்கிற இரண்டாம் தண்ணீர் எங்கே போனாலும் கேள்வி இல்லை. எவ்லின் குடியிருப்பது ஜெலுத்தோங்கில் ஒரு ஃபிளாட்டின் ஒன்பதாவது மாடி. அங்கே மண் என்று சொல்ல இருப்பது ரோஜாத் தொட்டி ஒன்றுதான். ஆண்டவரின் இரத்தம் பட்ட தண்ணீரை ரோஜாத் தொட்டியில் ஊற்றினால் பாவமா புண்ணியமா என்று யாரைப் போய்க் கேட்பது? அதனால் வேலையைக் கோயிலுக்கே கொண்டுவந்துவிட்டாள். அங்கே மாதா சிலை நிற்கும் கல்குகையான கெபிக்கு மேல்பக்கம் ஒரு செம்பருத்திச் செடி நின்றது. முதல் தண்ணீர் அதன் வேருக்கு, இரண்டாம் தண்ணீர் சாக்கடைக்கு என்று பன்னிரண்டு வருஷம் ஓடியது.

போன வருஷக் கடைசியில் கையில் வியாதி வந்தது. முதலில் விரல் இடுக்கில் அரிப்பு, பிறகு தோல் வெடிப்பு, பிறகு புண். மீனுக்கு மிளகாய்த்தூள் தடவினால் கண்ணில் நீர் வந்துவிடும். கிளினிக்கில் டாக்டர் காமினி இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சோப்புத் தூள் ஒத்துக்கல ஆன்ட்டி. இனிமே அதைத் தொடவே கூடாது."

"கிளவுஸ் போட்டுக்கிட்டா?"

போட்டுப் பார்த்தாள். ரப்பர் கையுறையில் கை இன்னும் வீங்கியது. நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில், பால்மரத்தடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு ரப்பர் ஆகவில்லை. "உங்கப்பா பால் வெட்டுன மரமெல்லாம் ஒண்ணா சேந்து பழி வாங்குதுலா" என்று பேட்ரிக் சிரித்தான். பிளாஸ்டிக் கையுறைக்குள் வியர்த்து ஊறியதில் புண் இன்னும் பெருத்தது. வீட்டுத் துணியை மெஷினில் போடுவது பேட்ரிக்கின் வேலையாயிற்று. அவன் சிரிப்பு அன்றோடு நின்றது. பீடத் துணியை யார் துவைப்பது?

எவ்லின் குவீன் ஸ்திரீட் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அய்யாக்கண்ணுவிடம் போய் நின்றாள். சோப்புக்குப் பதிலாகச் செடியில் காய்த்தது ஏதாவது கொடுங்கள் என்றாள். என்ன துணி, என்ன நிறம் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கடையில் கூட்டம். சீயக்காய்த் தூளை ஒரு பொட்டலம் கட்டி நீட்டினார். அந்தச் சனிக்கிழமை திருக்கிண்ணத் துணிகள் நான்கும் வெள்ளையாகப் போய்ப் பழுப்பாக வந்தன.

பீட வேலைகளுக்கெல்லாம் தலைவி அன்னமேரி அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸியாக இருந்து ஓய்வு பெற்றவள். வெள்ளைத் துணி விஷயத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. ஒரு துணியை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்னா கலரு எவ்லின்? டீ வடிகட்டுனியா?"

எவ்லின் கையைக் காட்டினாள். அன்னமேரியின் முகம் ஒரு கணம் இளகியது. ஆனாலும் பேச்சு இளகவில்லை.

"பாவமாத்தான் இருக்கு. அதுக்காகப் பீடத்துல பழுப்புத் துணியப் போட முடியுமா? இன்னொரு தடவ இப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா நான் பேச மாட்டேன். முதல் தண்ணி மட்டும் நான் அலசிட்டு, மிச்சத்த முக்குல இருக்குற டோபி கடை மெஷின்ல போட்டுருவேன். பாத்து நடந்துக்க."

எவ்லின் மறுபடி அய்யாக்கண்ணுவிடம் ஓடினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெள்ளத் துணின்னு முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? சீயக்காய தலையில தேய்ப்பாங்க, வெள்ளத் துணியிலயா தேய்ப்பாங்க! இந்தா, பூந்திக்கொட்டை."

பூந்திக்கொட்டை அவளை ஏமாற்றவில்லை. காயைத் தட்டி உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிட்டு, மேல் ஓட்டை மட்டும் வெந்நீரில் ஒரு ராத்திரி ஊற வைத்து, காலையில் பிசைந்து வடிகட்டினால் டீத் தண்ணீர் மாதிரி ஒன்று வரும். மறுபடியும் பழுப்பா என்று முதலில் நெஞ்சு திக்கென்றது. ஆனால் கையை விட்டு அலசியதும் நுரை பொங்கியது; துணி வெள்ளையாகவே எழுந்து வந்தது. கறை இருந்த இடத்தில் எலுமிச்சையைத் தேய்த்து வெயிலில் காயப்போட்டாள். சோப்புத் தூளின் பூ வாசனை இல்லை. கொஞ்சம் புளித்த பழ வாடை அடித்தது, அதுவும் காய்ந்ததும் போய்விட்டது. அன்னமேரி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் மடித்து இழுப்பறையில் வைத்தாள். அன்னமேரி ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

இரண்டு மாதத்தில் எவ்லினின் விரல்கள் ஆறின. புதுத் தோல் குழந்தைத் தோல் போல ரோஸ் நிறத்தில் வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேட்ரிக்கின் சட்டை, சோபா உறை, அடுப்புத் துடைக்கும் துணி எல்லாம் பூந்திக்கொட்டைக்கு மாறின. ஜொகூர் மகளுக்கு ஒரு பொட்டலம் தபாலில் போனது. அந்த மகிழ்ச்சியில்தான் ஒரு காரியம் செய்தாள். செடியில் காய்த்ததுதானே, இதை எதற்குச் சாக்கடையில் கொட்டுவது என்று, இரண்டாம் தண்ணீரையும் செம்பருத்தி வேருக்கே ஊற்றத் தொடங்கினாள். இயற்கை என்றால் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. செம்பருத்தியும் செழிப்பாகத்தான் நின்றது.

செம்பருத்திக்குக் கீழே மாதா கெபி. கெபியின் காலடியில் ஒரு சின்னக் குளம். குளத்தில் பன்னிரண்டு சிவப்பு மீன்கள். பங்குத் தந்தை ஃபாதர் கஸ்மீருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆடம்பரம் அந்த மீன்கள்தான். மறைக்கல்விப் பிள்ளைகள் அவற்றுக்குப் பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பெயரை வைத்திருந்தார்கள். யூதாஸ் என்று எந்த மீனையும் கூப்பிட மனசு வராமல், அவனுக்குப் பதில் வந்த மத்தியாஸின் பெயரை வைத்தார்கள். இருப்பதிலேயே குண்டு மீன் இராயப்பர். ஃபாதர் கையால் ரொட்டி வாங்கித் தின்னும் தைரியம் அதற்கு மட்டும்தான்.

குளத்தைப் பராமரிக்க ஹஸ்ருல் வருவான். அப்பா பாலிக் புலாவ் மலாய்க்காரர், அம்மா ஆசியா பீவி தமிழ் முஸ்லிம். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். ஹோட்டல், பங்களா என்று தீவில் பல இடத்துக் குளங்கள் அவன் கையில். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவான், சில வாரம் சனிக்கிழமை காலையில் வருவான். எவ்லினைக் கண்டால் "ஆன்ட்டி, பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான்.

செப்டம்பரில் மாதா பிறந்தநாள் வந்தது. அதுதான் பங்குத் திருநாள். ஒன்பது நாள் நவநாள், தேர், பொங்கல் என்று முடிந்தபோது பெரிய பீடத் துணி, பக்கப் பீடத் துணி, தேரில் விரித்தது என்று எல்லாம் சேர்ந்து மலை போல் கிடந்தன. எவ்லின் காயைத் தாராளமாகப் போட்டு, வழக்கத்தைவிடக் கெட்டியாகச் சாறு எடுத்தாள். சனிக்கிழமை மதியம் வரை துவைத்தாள். முடித்துவிட்டு இரண்டு பெரிய வாளித் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றினாள். மண் ஏற்கெனவே மழையில் ஊறிப்போயிருந்தது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாளே தவிர, ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலைப் பூசைக்கு வந்தவர்கள் குளத்தைச் சுற்றி நின்றார்கள். ஒன்பது மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. இராயப்பரும் மிதந்தார். மிச்சம் மூன்று, தண்ணீர்க் குழாய் விழும் இடத்தில் ஒண்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. ஃபாதர் கஸ்மீர் பூசை உடையோடு வந்து பார்த்தார். கோபக்காரர்; ஆனால் அன்று முதலில் கோபம் வரவில்லை, கண்தான் கலங்கியது. பூசை முடிந்த பிறகு கோபமும் வந்து சேர்ந்தது.

"வெள்ளிக்கிழமதான் தண்ணி மாத்துனான். பைப் தண்ணிய அப்படியே தொறந்து விட்டிருப்பான், குளோரின் எடுக்குற மருந்து போடாம. வேற என்னா? ஹஸ்ருலை இனிமே வர வேணாம்னு சொல்லிருங்க. வேற ஆளப் பாருங்க."

கமிட்டியில் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஹஸ்ருல் வந்து, செத்த மீன்களை எடுத்து மதில் ஓரமாகப் புதைத்துவிட்டு, மூன்று மீன்களுக்கும் வேறு தண்ணீர் மாற்றிவிட்டு, வலையையும் பம்பையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். ஒரு வார்த்தை பேசவில்லை.

எவ்லின் எல்லோரும் போன பிறகு குளத்துக்குப் போனாள். கெபியின் கல்லில், செம்பருத்தியிலிருந்து குளம் வரைக்கும், காய்ந்த நுரை வெள்ளைக் கோடு போட்டிருந்தது. குனிந்தாள். புளித்த பழ வாடை. பூந்திக்கொட்டையேதான்.

வீட்டுக்கு வந்து அய்யாக்கண்ணுவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இந்தப் பூந்திக்கொட்டைத் தண்ணி மீனுக்கு ஆகுமா?"

"மீனுக்கா! ஐயோ, பக்கத்துலயே கொண்டு போகாதீங்கம்மா. அந்தக் காலத்துல இதை ஆத்துல கரைச்சு விட்டுத்தான் மீன மயக்கிப் பிடிப்பாங்க. ஏன், மீன் வளக்குறீங்களா?"

"இல்லண்ணே" என்று போனை வைத்தாள். வளர்க்கவில்லை, கொன்றிருக்கிறாள்.

அந்த வாரம் முழுக்க அவள் தனக்குத் தானே வக்கீலாக இருந்தாள். வேண்டுமென்றா செய்தேன்? செத்த மீன் திரும்பி வருமா? ஹஸ்ருலுக்கு வேறு குளங்கள் இல்லையா? உண்மையைச் சொன்னால் அன்னமேரி அக்கா துணியை மெஷினில் போட்டுவிடுவாள். ஒரு தரம் எச்சரித்தாயிற்று, மறுதரம் மன்னிப்பு இல்லை. சனிக்கிழமை போய்விட்டால் பிறகு எவ்லின் கடவுளிடம் எங்கே உட்கார்ந்து பேசுவாள்? வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தங்கும். மூடிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை வழக்கம்போல் குழாயடிக்குப் போனாள். முதல் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றினாள். இரண்டாம் தண்ணீரில் துணியை எடுத்துக் கசக்கினாள். பேட்ரிக்கின் சர்க்கரைக்காக ஆரம்பித்தாள். ஹஸ்ருல் வலையைச் சுருட்டிக் கட்டியது கண்ணில் வந்தது. மகளுக்காக ஆரம்பித்தாள், இராயப்பர் மிதந்தார். துணி நுரைத்தது, வெளுத்தது, ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை எழும்பவில்லை. எதைக் காப்பாற்ற அவள் ஒரு வாரம் வாய் திறக்காமல் இருந்தாளோ அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. நுரைத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்குள் இருந்த கிராணி விழித்துக்கொண்டாள். முப்பது வருஷம் ரகசியக் கோப்புகளைப் பார்த்தவள் அல்லவா? ஒரு குறுக்கு வழி தோன்றியது. சாயங்காலம் ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்க, அவரவர் பாவத்தைச் சொல்லும் மரக் கூண்டில் உட்காருவார். அங்கே போய்ச் சொல்லிவிட்டால் ஃபாதருக்கு உண்மை தெரிந்துவிடும். அவர் ஹஸ்ருலைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது, ஆகவே அவள் பெயரும் வெளியே வராது. இப்படி ஒரு சுலபமான வழி இருக்கும்போது ஒரு வாரம் வீணாய்ப் போனதே என்றுகூட நினைத்தாள்.

ஐந்து மணிக்கு மரத் தட்டிக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டாள்.

"ஃபாதர், மீனையெல்லாம் கொன்னது நான்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

"என்னாம்மா சொல்ற?"

சொன்னாள். கை, சீயக்காய், பூந்திக்கொட்டை, இரண்டு வாளி, காய்ந்த நுரை, எல்லாவற்றையும். ஃபாதர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இராயப்பரும் அதுலதானா?"

"ஆமா ஃபாதர்."

பெருமூச்சுச் சத்தம் கேட்டது. "சரி. தெரியாம செஞ்ச. சொல்லாம இருந்தது தப்பு, அதுக்கு மனஸ்தாபப்படுற. அதெல்லாம் சரி. ஆனா ஏம்மா இதை இங்க வந்து சொன்ன?"

"வேற எங்க ஃபாதர் சொல்றது? நீங்க ஹஸ்ருலைக் கூப்பிட்டுக்குவீங்கன்னுதான்..."

"எப்படிக் கூப்பிடுவேன்? இந்தக் கூண்டுல கேட்டத நான் கதவுக்கு வெளிய கொண்டு போவ முடியாது. பேரு மட்டும் இல்ல, விஷயத்தையே கொண்டு போவ முடியாது. நாளைக்கு அவனத் திரும்ப வரச் சொன்னா கமிட்டி ஏன்னு கேக்கும். நான் என்னா சொல்றது? உன்கிட்டகூட வெளிய இதைப் பத்தி நானாப் பேச முடியாது. நேத்து வரைக்கும் தெரியாமக் கோவப்பட்டேன். இன்னையிலருந்து தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருக்கணும். பூட்டப் போட்டு சாவிய உள்ளாற வெச்சிட்டியேம்மா!"

குறுக்கு வழி போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"இப்ப நான் என்னா செய்யணும் ஃபாதர்?"

"அந்தப் பையன் பேரு நாலு பேரு முன்னாடி கெட்டுச்சு. நாலு பேரு முன்னாடி நீயே சொல்லித்தான் அதச் சரி பண்ண முடியும். பரிகாரமா அருள் நிறைந்த மரியே ஜெபம் மூணு தடவ சொல்லு." குரல் கொஞ்சம் தணிந்தது. "பயப்படாத. போ."

வீட்டில் பேட்ரிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. மீன் குழம்பு வைத்திருந்த சட்டியை மட்டும் மூடி ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"நாளைக்கு நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் கோப்பி கொடுப்பார்கள். ஃபாதர், கமிட்டிக்காரர்கள், அன்னமேரி அக்கா எல்லோரும் ஒரு மேசையில் இருந்தார்கள். குளத்துக்குப் புது ஆள் ஒருவனைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எவ்லின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். வாசகம் வாசிக்கப் போனால் ஒட்டிக்கொள்ளும் அதே நாக்கு ஒட்டிக்கொண்டது. பேட்ரிக் பின்னால் நின்று லேசாக இருமினான்.

"புது ஆள் வேணாம். ஹஸ்ருல் மேல தப்பில்ல. மீன் செத்தது என்னாலதான்."

எவ்லின் மூன்றாவது தடவையாக முழுவதையும் சொன்னாள். கூண்டுக்குள் சொன்னதைவிட இது பத்து மடங்கு கஷ்டமாக இருந்தது. இங்கே முகங்கள் தெரிந்தன. ஃபாதர் கஸ்மீர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்து, முதல் தடவை கேட்கிறவர் போல, "அப்படியா?" என்றார். பாவம், பொய்யும் சொல்லக் கூடாது, தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளக் கூடாது. அவர் காது மட்டும் சிவந்துபோயிற்று. உடனே போனை எடுத்து ஹஸ்ருலைக் கூப்பிட்டார்.

இருபது நிமிஷத்தில் ஹஸ்ருல் வந்து சேர்ந்தான். ஃபாதர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார்.

"தம்பி, விசாரிக்காம உன்மேல பழியப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சிரு."

"பழியைப் போட வெச்சது நான்" என்றாள் எவ்லின். "ஒரு வாரம் தெரிஞ்சும் வாயத் தொறக்கல. என்னையும் மன்னிச்சிரு தம்பி."

ஹஸ்ருல் தலையைச் சொறிந்தான். அன்னமேரி அக்கா தன் முடிவைச் சொல்லக் காத்திருக்கவில்லை.

"எவ்லின், நீ முன்னால வந்து சொன்னது பெரிய காரியம். ஆனா நான் முன்னாடியே சொல்லிட்டேன். அடுத்த வாரத்துலருந்து துணி டோபி கடைக்குப் போவட்டும்."

எவ்லின் தலையாட்டினாள். இதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். பேட்ரிக் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"மக்சிக் அன்னமேரி, ஒரு நிமிஷம்லா" என்று அவளை மலாயில் அத்தை முறை வைத்துக் கூப்பிட்டான் ஹஸ்ருல். "எனக்கு அன்னிக்கே தெரியும்."

"என்னா தெரியும்?"

"மீன் எதால செத்துச்சுன்னு. குளத்துல கைய வெச்சதுமே வாடை வந்துச்சு. எங்கம்மா அவங்க பாத்தேக் சாயக் கைலியெல்லாம் இந்தப் பூந்திக்கொட்டையிலதான் அலசுவாங்க. நாங்க லேராக்னு சொல்லுவோம். சோப்புப் போட்டா சாயம் போயிரும்ல. அலசுன தண்ணிய என் மீன் தொட்டிப் பக்கம் கொண்டு வரவே விடமாட்டேன். இங்க யாரு துணி துவைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

ஃபாதருக்கு ஆச்சரியமும் கோபமும் ஒன்றாக வந்தன. இந்தத் தடவை நடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லாமப் போன? நான் அவ்வளவு திட்டுனேனே!"

ஹஸ்ருல் எவ்லினைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சனிக்கிழம வந்தா ஆன்ட்டியப் பாப்பேன் ஃபாதர். துணி கசக்கும்போது வாய் முணுமுணுன்னு இருக்கும். கண்ணு தண்ணியிலயே இருக்கும். பக்கத்துல பம்பு சத்தம் போட்டாலும் திரும்ப மாட்டாங்க. எங்கம்மா தொழுவும்போது அப்படித்தான் இருப்பாங்க. அந்த நேரத்துல நாங்க யாரும் குறுக்க போவ மாட்டோம். நான் சொன்னா ஆன்ட்டிய அங்கருந்து எழுப்பிருவீங்கன்னு தோணுச்சு. எனக்கு இன்னும் ஆறு குளம் இருக்கு. ஆன்ட்டிக்கு அந்தக் குழாயடி ஒண்ணுதான இருக்கு."

எவ்லின் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாகப் பேட்ரிக்குக்கும் சொல்லாத ரகசியம், குளம் கழுவ வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் அதைக் காப்பாற்றத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறான். இவளோ தன் பெயரைக் காப்பாற்ற அவனைக் கொடுத்திருந்தாள். வெட்கமும் நன்றியும் சேர்ந்து அவளைக் குலுக்கின. பேட்ரிக் அவள் தோளில் கையை வைத்தான். அவனுக்கும் அன்றுதான் தெரிந்தது.

ஃபாதர் அன்னமேரியைப் பார்த்தார். கமிட்டிக்காரர்களும் அன்னமேரியைப் பார்த்தார்கள். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் நெடுநேரம் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"அப்ப அந்த ரெண்டாம் தண்ணிய எங்கதான் ஊத்துறது?"

எவ்லின் முகத்திலிருந்து கையை எடுத்தாள். கேட்டது சரிதானா என்று பேட்ரிக்கைப் பார்த்தாள். சரிதான் என்பதுபோல் அவன் பல் முழுதும் தெரியச் சிரித்தான்.

"சாக்கடை லோங்காங்ல வேணாம் மக்சிக்" என்றான் ஹஸ்ருல். "அது சுங்கை ஆத்துக்குப் போவும், அங்கயும் மீனு இருக்கு. பின்னால மதில் ஓரம் வாழை நிக்கிதுல்ல, அந்தப் பக்கம் தரை குளத்துக்கு எதிர்ப்பக்கமாச் சரியுது. ஒரு குழி போட்டுக் கல்லை நிரப்பிட்டா தண்ணி அங்கயே மண்ணுல எறங்கிரும். இப்பவே போட்டுறலாம், மண்வெட்டி இருக்கா?"

கோயில் வேலைக்காரரின் அறையில் மண்வெட்டி இருந்தது. ஹஸ்ருல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். அன்னமேரி அக்கா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளத்திலிருந்து வாழைமரம் வரை அடிமேல் அடி வைத்து அளந்தாள். போதாது, இன்னும் நாலடி தள்ளி வெட்டு என்று அதட்டினாள். எவ்லின் குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் பிடித்துவந்து, இறுகிக் கிடந்த மண்ணின் மேல் ஊற்றினாள். ஹஸ்ருல் வெட்டத் தொடங்கினான்.